பிள்ளையள், ஒபிஸ், ரியூசன்: இதுக்குள்ள நாவல் எழுதி முடிக்கிறது எப்பிடி? முழு வழிகாட்டி

"நேரம் கிடைச்சா எழுதுவன்" எண்டு சொல்லிக்கொண்டு இருக்கிற ஆக்களுக்குத்தான் இது. கொழும்பில பிள்ளையள வளர்த்துக்கொண்டு வேலைக்கும் போறவைக்கு அந்த நேரம் கிடைக்காது. பிள்ளையள் வளர்ந்தாப்பிறகும் கிடைக்காது, ஏனெண்டா புலமைப்பரிசில் முடிய ஓ எல், ஓ எல் முடிய ஏ எல், அது முடிய கம்பஸ் இல்லாட்டி வெளிநாடு எண்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதால நேரம் தேடுறதை விட்டிடுங்கோ. நாவல் வேலையைத் துண்டு துண்டா வெட்டி, வீட்டில ஏற்கனவே கிடக்கிற நேரத்தின்ட அளவுக்கு அதைக் கொண்டு வாறதுதான் வழி. நான் வெள்ளவத்தையில ஃபிளாட்டில இருக்கிறன், ரெண்டு பிள்ளையள், ஒபிஸ் வேலை, எழுத எண்டு தனி அறை இல்லை. அந்த நிலைமையில செய்து பாத்ததுகளைத்தான் கீழ சொல்லுறன். கூட்டுக் குடும்பத்தில இருக்கிறவை, வீட்டில வயசான ஆக்களைப் பாக்கிறவை, உங்கட வீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கொள்ளுங்கோ.

படி 1: முதல்ல கணக்கைப் போடுங்கோ

நாவல் எண்டதும் கனபேருக்கு அடிவயிறு கலங்கும். எண்ணிப் பாத்தா அவ்வளவு இல்லை. 45,000 சொல்லு எண்டு வைப்பம். டெமி அளவு, அதாவது சாதாரண நாவல் அளவுப் புத்தகத்தில ஒரு பக்கத்துக்கு 225 சொல்லு மட்டில வரும், அப்ப 200 பக்கம், முதல் நாவலுக்கு அது தாராளம். இங்கிலிஷ்காரர் 80,000, 90,000 எண்டு சொல்லுறதைப் பாத்துப் பயப்பிடத் தேவையில்லை. தமிழில உருபெல்லாம் சொல்லோடயே ஒட்டிப் போறதால அதே கதை குறைஞ்ச சொல்லிலயே முடிஞ்சிடும்.

ஒரு நாளைக்கு 300 சொல்லு, கிழமையில அஞ்சு நாள், கிழமைக்கு 1,500. அப்ப 45,000 சொல்லுக்கு 30 கிழமை. வருசத்தில 52 கிழமை இருக்கு, மிச்சம் 22. அந்த 22 கிழமையையும் காய்ச்சல், தவணைச் சோதனை, நவராத்திரி, யாழ்ப்பாணப் பயணம், ஓகஸ்டில லண்டனில இருந்தும் கனடாவில இருந்தும் வந்து நிக்கிற சொந்தக்காரர் எல்லாத்துக்கும் இப்பவே எழுதிக் குடுத்திடுங்கோ. நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. கனபேர் நாவலைப் பாதியில விடுறது எழுத வராததால இல்லை, ஒரு மாதம் தவறிப்போக "என்னால ஏலாது போல" எண்டு மனம் விட்டுப் போறதாலதான். கணக்கில முன்கூட்டியே கழிச்சு வைச்ச கிழமை போனா மனம் விடாது.

300 சொல்லு எண்டா சீஆர் கொப்பியில ஒண்டரைப் பக்கம் மட்டில வரும், எழுத்து பெரிசெண்டா ரெண்டு. அவ்வளவுதான்.

படி 2: ஒரு கிழமைக்கு எழுதாதேங்கோ, வீட்டைப் பாருங்கோ

ஒரு கொப்பியை குசினியில வைச்சு, ஏழு நாளைக்கு வீட்டு நேரம் எப்பிடிப் போகுது எண்டு மட்டும் குறியுங்கோ. எவ்வளவு நேரம் எண்டதை விட எப்பிடிப்பட்ட நேரம் எண்டதுதான் முக்கியம். கை சும்மா இருக்கோ, தலை சும்மா இருக்கோ, ரெண்டுமோ, இடையில ஆரும் "அம்மா" எண்டு கூப்பிடுவினமோ, இதைக் குறிச்சா காணும்.

எங்கட பக்கத்து வீடுகளில பெரும்பாலும் இப்பிடித்தான் வரும். விடிய அஞ்சு மணிக்கு முதல் கையும் தலையும் சும்மா, ஒருத்தரும் கூப்பிடமாட்டினம், ஆனா உடம்பு நித்திரை கேட்கும். அஞ்சரையில இருந்து ஸ்கூல் வான் ஹோர்ன் அடிக்கும் மட்டும் ஒண்டும் நடக்காது, புட்டு அவிக்கிறது, சாப்பாட்டுப் பெட்டி கட்டுறது, ஒரு சொக்ஸ் காணாமல் போறது, அந்த நேரத்தை எண்ணவே வேண்டாம். காலி வீதியில 100 பஸ்ஸிலயோ 101 பஸ்ஸிலயோ நிண்டுகொண்டு கொள்ளுப்பிட்டிக்குப் போகேக்க கை கம்பியில, தலை சும்மா. மத்தியானம் சாப்பிட்டு முடிய ஒரு கால் மணித்தியாலம். பின்னேரம் ரியூசன் வாசலில ஒண்டரை மணித்தியாலக் காத்திருப்பு, இது பெரிய சொத்து, இதைக் கனபேர் கிளாஸ் குரூப்பில வாற மெசேஜ் பாத்தே முடிக்கினம். இரவு ஒன்பதரைக்குப் பிறகு கை சும்மா, ஆனா தலை ஓடாது.

படி 3: எந்த நேரத்துக்கு எந்த வேலை

இதுதான் இந்த வழிகாட்டியின்ட நடு. நாவல் எழுதுறது எண்டா மேசையில குந்தி வசனம் எழுதுறது மட்டும் எண்டு நினைச்சா ஒரு நாளும் நேரம் கிடைக்காது. அதுக்குள்ள குறைஞ்சது அஞ்சாறு விதமான வேலை இருக்கு, ஒவ்வொண்டுக்கும் வேற வேற தலை வேணும்.

புது வசனம் எழுதுறதுக்குத்தான் நல்ல தலை வேணும், அது ஆருக்கு எப்ப எண்டு நீங்கள்தான் பாக்கோணும். டோனி மொரிசன் ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையளத் தனிய வளர்த்துக்கொண்டு நியூயோர்க்கில பதிப்பாசிரியரா வேலையும் பாத்துக்கொண்டு, பிள்ளையள் எழும்ப முதல் விடியக் கருக்கலில எழுதினவ, பிறகு 1993இல நோபல் பரிசு வாங்கினவ. ஆனா அதைக் கேட்டிட்டு எல்லாரும் நாலு மணிக்கு அலாரம் வைக்கோணும் எண்டு இல்லை. கைப்பிள்ளை வைச்சிருக்கிறவை, இரவில ரெண்டு மூண்டு தரம் எழும்புறவை விடிய எழுதவே வேண்டாம், நித்திரை இல்லாத உடம்பில வாற கோபம் கடைசியில பிள்ளையளிலதான் இறங்கும், எந்த நாவலும் அதுக்குப் பெறுமதி இல்லை. அவைக்கு ரியூசன் வாசலோ மத்தியான கால் மணியோ காணும்.

பஸ்ஸில எழுத ஏலாது, யோசிக்க ஏலும். ஆனா "கதையைப் பற்றி யோசிப்பம்" எண்டு ஏறினா பம்பலப்பிட்டி வரேக்க மனம் கரண்ட் பில்லில போய் நிக்கும். ஏற முதல் ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, தலையில போட்டுக்கொண்டு ஏறுங்கோ. "தங்கச்சிக்கு அந்தக் காணி வித்தது தெரியுமா தெரியாதா?" "மாமி ஏன் கலியாண வீட்டுக்கு வரேல்லை?" இறங்கேக்க விடை வந்தாலும் வராட்டியும் ஃபோனில குரல்ல ஒரு வரி பதிஞ்சு வையுங்கோ. ஒரு கிழமை இப்பிடி யோசிச்சு வைச்ச காட்சி, மேசையில இருக்கேக்க அரை மணித்தியாலத்தில கொட்டும். சமைக்கிற நேரமும் இப்பிடித்தான், தேங்காய் துருவேக்க உரையாடல் நல்லா வரும், வாய்க்குள்ள சொல்லிப் பாருங்கோ, பிள்ளையள் சிரிச்சா சிரிக்கட்டும்.

ரியூசன் வாசலுக்கு கொப்பியும் பேனையும்தான் நல்லது. லப்டொப் திறந்தா பக்கத்தில இருக்கிற அம்மா என்ன செய்யிறியள் எண்டு கேட்பா, கொப்பி எண்டா பிள்ளையின்ட நோட்ஸ் எண்டு நினைச்சுப் பேசாம விட்டிடுவா. மத்தியானத்துக்கு தகவல் தேடுற வேலையை வையுங்கோ. 2005இல தொடங்கின நூலகம் இணையத்தளத்தில எங்கட பழைய பத்திரிகை, சஞ்சிகை, மலர் எல்லாம் ஸ்கேன் செய்து இலவசமா இருக்கு, உங்கட கதை எழுபதுகளில நடக்குது எண்டா அந்தக் காலத்து விளம்பரம், சினிமா, அரிசி விலை, மரண அறிவித்தல் எப்பிடி எழுதினவை எண்டது மட்டும் பாருங்கோ, நூறு பேரை விசாரிச்ச மாதிரி இருக்கும். அந்தக் கால் மணி முடிய மூடிடுங்கோ, இல்லாட்டி அதுக்குள்ளயே விழுந்து கிடப்பியள்.

இரவு ஒன்பதரைக்குப் பிறகு புதுசா எதுவும் எழுத நினைக்க வேண்டாம். கொப்பியில எழுதினதைத் தட்டச்சு செய்யிறது, ற ர, ன ண பிழை பாக்கிறது, ஆக்களின்ட பேர், வயசு, பிறந்த வருசம் எல்லாம் ஒரு தாளில சேர்க்கிறது. களைச்ச தலைக்கு இது போதும். அந்தப் பேர்த் தாள் கட்டாயம் வேணும், துண்டு துண்டா எழுதேக்க பத்தாம் அத்தியாயத்தில பெரியம்மா ரெண்டு வயசு குறைஞ்சு போவா.

படி 4: வீட்டு ஆக்களோட வெளிப்படையாக் கதையுங்கோ

ஒளிச்சு எழுதாதேங்கோ. கனபேர், அதிலயும் பொம்பிளையள், எழுதுறதை ஒரு களவு மாதிரி வைச்சிருக்கினம், ஆரும் வந்தா கொப்பியை மூடுறது, கேட்டா "சும்மா" எண்டுறது. அப்ப வீட்டு ஆக்களும் அதைச் சும்மா எண்டுதான் எடுப்பினம். "கொஞ்சம் உதவி செய்யுங்கோவன்" எண்டு பொதுவாக் கேட்டாலும் வேலைக்காகாது. இப்பிடிக் கேளுங்கோ: "இஞ்சருங்கோ, செவ்வாயும் வியாழனும் ஏழரையில இருந்து எட்டேகால் மட்டும் நான் எழுதப் போறன். அந்த நேரம் சின்னவனைக் குளிக்க வாக்கிறதும் சாப்பாடு குடுக்கிறதும் உங்கட பொறுப்பு. சனி பின்னேரம் நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போங்கோ, பிள்ளையள நான் பாக்கிறன்." நாள், நேரம், ஆர் என்ன செய்யிறது, பதிலுக்கு என்ன, நாலும் வந்திட்டுது. ஒரு மாதம் பாத்திட்டுத் திரும்பக் கதைக்கலாம். எழுதுறது அப்பா எண்டாலும் இதே கதைதான், மனுசி எல்லாத்தையும் தூக்கிப் பிடிக்க ஐயா அறைக்குள்ள எழுதுறது எண்டது ஒழுங்கு இல்லை, அவரும் தன்ர பங்கைத் திருப்பிக் குடுக்கோணும்.

மாமியோ அம்மாவோ வீட்டில இருந்தா அவையளுக்கும் சொல்லுங்கோ. "பிள்ளையளப் பாக்காம என்னத்தை எழுதுறா" எண்ட கதை வரத்தான் செய்யும். அதுக்குச் சண்டை பிடிக்காம அவையின்ட காலத்துக் கதையைக் கேட்டுப் பாருங்கோ, 1958 கலவரத்தில கொழும்பில இருந்து கப்பலில யாழ்ப்பாணம் போன கதை, ரேசனுக்கு வரிசையில நிண்ட கதை, 83 யூலையில எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒளிச்சு வைச்சவை எண்ட கதை. அவை சொல்லச் சொல்ல நாவல் அவையளுக்கும் சொந்தமாகும். பிறகு அவையே பிள்ளையளுக்கு "அம்மா எழுதிறா, சத்தம் போடாதேங்கோ" எண்டு சொல்லுவினம்.

பிள்ளையளுக்கு வயசுக்கு ஏத்த மாதிரி. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ளதுகளுக்கு விளங்காது, அதுகள் நித்திரையாக இருக்கேக்கயோ இன்னொருத்தர் பாக்கேக்கயோ மட்டும்தான் எழுதலாம், வேற வழி இல்லை. ஆறு ஏழு வயசில இருந்து மணிக்கூடு காட்டலாம், "பெரிய முள்ளு ஆறில வரும் மட்டும்" எண்டு. முள்ளு ஆறில வந்ததும் நீங்கள் உடன எழும்போணும், வசனம் பாதியில நிண்டாலும் எழும்போணும். நீங்கள் சொன்ன நேரத்துக்கு எழும்புறியள் எண்டு அதுகள் நம்பினாத்தான் அடுத்த நாள் காத்திருக்குங்கள். பெரிய பிள்ளையள் எண்டா ஒரே மேசையில இருக்கலாம், அவை வீட்டுவேலை, நீங்கள் நாவல். என்ட அனுபவத்தில இதுதான் எல்லாத்தையும் விட நல்லா நடக்குது, அம்மாவும் அழிச்சு அழிச்சு எழுதுறா எண்டு காணேக்க அதுகளுக்கும் தமிழ்க் கட்டுரை பயம் குறையுது.

காய்ச்சல், பல்லுக்கொதி, ஸ்கூலில ஆரோ ஏசினது, இந்த மாதிரி நேரம் நாவலை மூடி வைச்சிடுங்கோ, அதில யோசிக்கவே ஒண்டுமில்லை.

படி 5: விட்ட இடத்தில நூல் தொங்க விடுங்கோ

அன்ரனி ட்ரொலப் எண்டு 19ஆம் நூற்றாண்டு இங்கிலிஷ் நாவலாசிரியர், தபால் திணைக்களத்தில முழுநேர வேலை. விடிய அஞ்சரைக்கு மேசைக்கு வந்து, மணிக்கூட்டை முன்னால வைச்சு, கால் மணித்தியாலத்துக்கு 250 சொல்லு எண்டு எழுதினவர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவருக்கு விடியக் கோப்பி கொண்டு வந்து எழுப்ப ஒரு வேலைக்காரர் இருந்தவர், அதோட தொடங்க முதல் அரை மணித்தியாலம் முதல் நாள் எழுதினதை வாசிக்கவும் அவருக்கு நேரம் இருந்தது. எங்களுக்கு மொத்தமே அரை மணித்தியாலம். அதை வாசிச்சே முடிச்சா எப்ப எழுதுறது?

அதால எழும்பேக்க, அது எவ்வளவு அவசரமா இருந்தாலும், அடுத்து என்ன வருது எண்டு ரெண்டு வரி கீழ எழுதி வைச்சிட்டு எழும்புங்கோ. "சிவம் கடிதத்தைப் பிரிக்கிறான், கையெழுத்து அப்பாவின்டது இல்லை, வாசல்ல ஆரோ நிக்கினம்." அது கதையா இருக்கத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கினா காணும். அத்தியாயம் முடியிற இடத்தில நிப்பாட்டுறதை விட காட்சி நடுவில நிப்பாட்டுறது நல்லது, மூண்டு நாள் கழிச்சு வந்தாலும் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போகும். முதல் வரைவில திரும்பிப் போய்த் திருத்தவும் வேண்டாம், ஏதும் மாத்தோணும் எண்டு பட்டா "இனி அக்கா ரீச்சர் இல்லை, நேர்ஸ்" எண்டு சிவப்பில ஒரு குறிப்புப் போட்டிட்டு, அவ நேர்ஸாவே இருந்த மாதிரி முன்னுக்கு எழுதுங்கோ.

படி 6: ஃபோன், கீபோர்ட், கொப்பி

சுருக்கமா. யுனிகோட்டில, அதாவது எந்த ஃபோனிலயும் கம்பியூட்டரிலயும் ஒரே மாதிரித் தெரியிற எழுத்துமுறையில, மட்டும் எழுதுங்கோ. ஃபோனிலயும் கம்பியூட்டரிலயும் ஒரே கூகுள் டொக் திறந்தா, வாசலில எழுதினது வீட்டுக் கம்பியூட்டரில இருக்கும். குரல்ல சொல்லித் தட்டச்சு செய்யிற வசதியில இலங்கைத் தமிழும் தெரிவில இருக்கு, ஆனா பேச்சுத்தமிழை அது பிழையா எடுக்கும், உரையாடலுக்கு அதை நம்பாம விவரணைக்கு மட்டும் பாவியுங்கோ. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, பேரில திகதி. கிழமைக்கு ஒருக்கா முழுவதையும் உங்கட ஈமெயிலுக்கே அனுப்பி வையுங்கோ, பிள்ளையள் இருக்கிற வீட்டில லப்டொப்பில தண்ணி ஊத்துப்படும். கொப்பிப் பக்கத்தை எழுதின அண்டைக்கே ஃபோனில படம் எடுங்கோ.

படி 7: ஒண்டும் நடக்காத மாதங்கள்

சோதனைத் திகதிகள் இப்ப வருசா வருசம் மாறுது, அதால வருசத் தொடக்கத்தில போட்ட அட்டவணையைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாது, திகதி வர வர மாத்துங்கோ. பிள்ளைக்கு புலமைப்பரிசில் வருசம் எண்டா கடைசி ரெண்டு மாதம் 300 சொல்லை மறந்திடுங்கோ. அந்த நேரம் செய்யிறது ஒண்டே ஒண்டு: ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் கதையைத் தொட்டுப் பாக்கிறது. ஒரு பக்கம் வாசிக்கலாம், ஒரு வரி சேர்க்கலாம், ஒரு பேரை மாத்தலாம். உறை ஊத்தின பால் தோயிற மாதிரி, கை படாட்டியும் கதை உள்ளுக்கு வேலை செய்துகொண்டு இருக்கும், ஆனா முழுசா மறந்திட்டா திரும்ப அந்த ஆக்களின்ட குரல் காதில விழக் கன நாள் எடுக்கும்.

யாழ்ப்பாணம் போற இரவு பஸ்ஸையும் சும்மா விடாதேங்கோ. வெள்ளவத்தையில ஏறி பிள்ளையள் நித்திரையானாப்பிறகு ஏழெட்டு மணித்தியாலம் இருட்டுக்குள்ள இருக்கிறியள், அடைச்சு நிக்கிற இடத்தை அவிழ்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் நிக்கிற நாளில எழுத நினைக்காம காதைத் திறந்து வைச்சிருங்கோ, ஆக்கள் எப்பிடிக் கதைக்கினம், எதைச் சொல்லாம விடுகினம் எண்டு.

படி 8: வீட்டுக் கதையைத் தொடேக்க

வெள்ளவத்தையில ஒரு கலியாணத்தில பத்துப் பேரைக் கண்டா எட்டுப் பேர் ஏதோ வழியில சொந்தம். நீங்கள் எழுதுற பெரியப்பா ஆர் எண்டு அவை கண்டுபிடிப்பினம். பேரை மாத்தினா மட்டும் காணாது, ஊர், தொழில், பிள்ளையளின்ட எண்ணிக்கை, இந்த மூண்டில ரெண்டையாவது மாத்துங்கோ. ரெண்டு மூண்டு ஆக்களை ஒராளாக் கலக்கிறது இன்னும் நல்லது. உங்கட பிள்ளையின்ட கதையை மட்டும், அது வளர்ந்து தானே சரி எண்டு சொல்லும் மட்டும், எழுதாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், அதுக்கு மறுத்துச் சொல்ல வயசு இல்லை. முதல் வரைவை வீட்டில ஒருத்தருக்கும் காட்டவும் வேண்டாம், ஒரு முகச்சுளிப்பு காணும் ரெண்டு மாதம் எழுதாமல் இருக்க. வெளியில வாசிக்கிற ஒரு சிநேகிதியைப் பிடியுங்கோ.

படி 9: திருத்தம், இதுக்குத்தான் நீள நேரம் வேணும்

முதல் வரைவைத் துண்டு நேரத்தில எழுதலாம், முழு நாவலையும் திருத்திறதை அப்பிடிச் செய்ய ஏலாது. 200 பக்கத்தையும் தொடர்ந்து வாசிச்சாத்தான் எங்க இழுக்குது, ஆர் காணாமல் போயிட்டினம் எண்டு தெரியும். இதுக்கு எங்கட நாட்டில ஒரு வசதி இருக்கு: மாதாமாதம் போயா லீவு, வருசத்துக்கு பன்ரண்டு, சில வருசம் பதின்மூண்டு. அதில மூண்டு போயாவை முன்கூட்டியே வீட்டில கேட்டு வாங்குங்கோ, அண்டைக்கு பிள்ளையள் அப்பாவோடயோ அம்மம்மாவோடயோ விகாரமகாதேவி பூங்காவுக்கோ கல்கிசைக் கடற்கரைக்கோ போகட்டும். முழுவதையும் பிரிண்ட் எடுத்து, முதல் போயாவுக்கு பேனை தொடாமல் வாசியுங்கோ. ரெண்டாவதுக்கு அத்தியாயங்களை இடம் மாத்திறது, வெட்டுறது. மூண்டாவதுக்கு வாய் விட்டு வாசிச்சு வசனம் பாக்கிறது. இடையில கிடக்கிற நாளில, குறிச்சு வைச்ச சின்னத் திருத்தங்களை அதே துண்டு நேரத்தில செய்யலாம்.

வீட்டில இருக்கவே ஏலாது எண்டா சனிக்கிழமைகளில 57வது ஒழுங்கையில இருக்கிற கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், இல்லாட்டி பூங்காப் பக்கம் இருக்கிற பொது நூலகம். போக முதல் திறந்திருக்கோ எண்டு ஒருக்கா ஃபோனில கேளுங்கோ, பிள்ளையள ஒழுங்குபடுத்திப் போட்டு வாறது லேசு இல்லை.

படி 10: அச்சுக்குக் குடுக்கேக்க

எழுதினதுக்கு உரிமை எழுதின நேரத்தில இருந்தே உங்களுக்குத்தான், 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவு தேவையில்லை. சுதந்திர மாவத்தையில இருக்கிற தேசிய நூலகத்தில ஐஎஸ்பிஎன் எண்ட புத்தக அடையாள இலக்கம் எடுக்கலாம், கையெழுத்துப்படிக்கு வெளியீட்டு உதவித் திட்டமும் அங்க இருக்கு, நிபந்தனையை நேர போய்க் கேளுங்கோ. பக்கம் 16இன்ட மடங்கில வாற மாதிரிப் பாத்தா தாள் வீணாகாது. அச்சகத்தில இன்னும் பாமினி எண்ட பழைய, யுனிகோட் இல்லாத எழுத்துருவில கேட்கிற ஆக்கள் இருக்கினம், யுனிகோட்டில இருந்து மாத்தேக்க மேற்கோள் குறியும் சில கிரந்த எழுத்தும் குழம்பும், அதால புரூஃபை, அதாவது அச்சடிக்க முதல் சரிபாக்கத் தாற படியை, முதல் வரியில இருந்து கடைசி வரி மட்டும் திரும்ப வாசிக்கோணும். டிஜிற்றல் முறையில 100 பிரதி மட்டும் அடிக்கலாம், வீட்டுக் காசைக் கொண்டு போய் ஒரேயடியா ஆயிரம் அடிச்சு கட்டிலுக்குக் கீழ அடுக்க வேண்டாம்.

புரூஃப் வாற திகதியை அச்சகத்தோட கதைக்கேக்க பிள்ளையின்ட சோதனை அட்டவணையைக் கையில வைச்சுக்கொண்டு கதையுங்கோ, ரெண்டு கிழமை தாங்கோ எண்டு கேளுங்கோ, பெரும்பாலும் தருவினம். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பதியேக்கயும் அதே அட்டவணைதான். ஞாயிறு பின்னேரம் அறநெறியும் நடன வகுப்பும் முடிஞ்ச பிறகு, நாலரை மணிக்கு வையுங்கோ.